கத்திரி வெயிலும் ராஜபக்தியும்

ஆகஸ்ட் 15 அன்னிக்கு சர்ச்சுல அஞ்சு நிமிஷம் பேசணும்னு கேட்டுட்டுப் போயிருக்கியே தம்பி, தலைப்பையும் நீயே எழுதிக் கொடுத்துட்டே: ‘அந்தக் காலத்தில் நம் சபையார் தேசத் திருநாளைக் கொண்டாடிய விதம்.’ படிக்க நல்லாத்தான் இருக்கு. தாத்தாமாரெல்லாம் கொடியைத் தூக்கிக்கிட்டு ஜெயிலுக்குப் போனாங்கன்னு நான் சொல்லணும், நீங்க கை தட்டணும், அப்புறம் ஆளுக்கொரு பொங்கல் பொட்டலம். அதானே திட்டம்? வாலிபர் ஐக்கியச் செயலாளர் கேட்டா மறுக்கக் கூடாது. ஆனா மைக்கைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்கிட்டத் தனியாச் சொல்லிடறேன். கேட்டுட்டு, அஞ்சு நிமிஷத்தை ரெண்டு நிமிஷமாக் குறைக்கணும்னு தோணினா தாராளமாக் குறைச்சுக்கோ.

மொதல்ல, என் நரையைப் பாத்து ஏமாந்துட்டே. 1947-ல நான் பொறக்கவே இல்லை. எனக்குத் தெரிஞ்சது எங்கப்பா சொன்னது, தாத்தா சொன்னதா எங்கப்பா சொன்னது, அப்புறம் நானாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. இதுல எங்கப்பா கொஞ்சம் சரிகை சேத்துப் பேசற ஆளு. அதைக் கழிச்சுட்டுத்தான் உனக்குச் சொல்றேன்.

அந்தக் காலம்னு சொல்றியே, அப்ப தேசத் திருநாள்னா அது ராஜா வூட்டு விசேஷம். மே 24 விக்டோரியா மகாராணி பொறந்த நாள். அந்தம்மா 1901-ல செத்ததுக்கு அப்புறம், மறு வருஷத்துல இருந்து அந்த நாளை ‘எம்பயர் டே’ன்னு ஆக்கினாங்க. அடுத்து 1935 மே 6, அஞ்சாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து 25 வருஷம் ஆன வெள்ளி விழா. அதுக்கப்புறம் 1937 மே 12, ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. தேதியைக் கவனிச்சியா? மே 24, மே 6, மே 12. மூணும் அக்கினி நட்சத்திரத்துல வருது. லண்டன்ல பூப்பூக்கிற மாசம்னு பாத்து வச்சிருக்காங்க, காஞ்சிபுரத்துல அந்த மாசம் தார் ரோடு செருப்போட ஒட்டிக்கிட்டு வரும்னு யாரு போய்ச் சொல்றது? ராஜபக்தியை அளக்கிறதுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. 1911-ல டில்லி தர்பார் ஒண்ணுதான் டிசம்பர் 12-ல வந்து நம்மாளுங்களைக் காப்பாத்துச்சு.

1935-ல எங்கப்பா பத்து வயசுப் பையன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு, யூனியன் ஜாக் கொடியை ஏத்தி, ராஜாவைக் கர்த்தர் காக்கணும்னு இங்கிலீஷ்ல பாடச் சொல்லி, ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தாங்களாம். வெயில் தாங்காம ஒரு பையன் மயக்கம் போட்டு விழுந்துட்டான். பாவம்னு அவனுக்கு ரெண்டு மிட்டாய். விஷயம் பிள்ளைங்க மத்தியில பரவிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு முடிசூட்டு விழா வந்தப்ப, பாட்டு பாதி வரைக்கும் போகலை, நாலு பேர் மயக்கம். அதுல ஒருத்தர் எங்கப்பா. எங்க பரம்பரையில தேசத் திருநாளுக்காகத் தரையில விழுந்த ஒரே ஆளு அவருதான். மேடையில சொல்லட்டுமா?

ஐயையோ, நம்ம சபை இப்படி வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா போட்டிருக்கேன்னு முகத்தைச் சுளிக்காதே. ராஜா வூட்டு விசேஷத்துக்கு சர்ச்சுல ஜெபம், கோயில்ல அர்ச்சனை, பள்ளிவாசல்ல துவா. எல்லாம் நடந்ததுதான். ஆகவே இந்த விஷயத்துல நம்மூர்ல யாரும் யாரையும் பாத்து விரல் நீட்ட முடியாது, எல்லா விரல்லயும் மிட்டாய்ப் பாகு ஒட்டியிருக்கு.

அதுக்கும் முன்னாடி போனா வேடிக்கை இன்னும் ஜாஸ்தி. சின்னக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு ராபர்ட் கிளைவ் கொடுத்ததா சொல்ற மகரகண்டி நகை இன்னிக்கும் உண்டு. 1790-கள்ல இங்க கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் கோயில் திருவிழாவை முன்னால நின்னு நடத்தினவரு, பெருமாளுக்கு நகையும் சாத்தினாரு. 1817-ல கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சட்டம் போட்டு கோயில் நிர்வாகத்தையே கையில எடுத்துக்கிச்சு. தேர் ஓடினா கம்பெனி பட்டாளம் மரியாதை செலுத்தணும், பீரங்கி வெடிக்கணும். அந்தப் பட்டாளத்துல கிறிஸ்தவ சிப்பாய்ங்களும் உண்டு. விக்கிரகத்துக்கு சல்யூட் அடிக்க மாட்டோம்னு மனசாட்சி பேசினவங்களுக்கு மேலிடத்துல இருந்து, கட்டளைன்னா கட்டளைதான்னு பதில். இதைப் பொறுக்காம சென்னை ராணுவத்தோட தலைமைத் தளபதி சர் பெரகிரின் மெயிட்லாண்ட் 1838-ல வேலையையே ராஜினாமா பண்ணிட்டுக் கப்பலேறிட்டாரு. யோசிச்சுப் பாரு. கம்பெனி சர்க்கார் பெருமாளுக்குப் பீரங்கி போடுது, போட மாட்டேன்னு ஒரு கிறிஸ்தவ வெள்ளைக்காரத் தளபதி வேலையை விடறாரு. சர்க்காருக்கும் பக்திக்கும் நடக்கிற கல்யாணத்துல யாரு மாப்பிள்ளை வூட்டுக்காரன்னு எந்தக் காலத்துலயும் சுலபமாச் சொல்ல முடியாது.

அடுத்த வருஷம், 1839-ல, ஸ்காட்லாந்துல இருந்து வந்த ஜான் ஆண்டர்சன் நம்மூர்ல பள்ளிக்கூடம் தொறந்தாரு. ஆண்டர்சன் ஸ்கூல்னு இப்பவும் நடக்குது. அந்த ஸ்காட்லாந்து மிஷன் வழியாத்தான் நம்ம பக்கத்துச் சபைங்க வந்தது. 1921-ல கட்டின நம்ம செங்கல் சர்ச்சோட வளைவையும் தூணையும் பாத்தாலே யாரு கைவேலைன்னு தெரியுமே. இதை எதுக்குச் சொல்றேன்னா, ஸ்காட்லாந்துக்காரங்க முறைக்கும் இங்கிலாந்துக்காரங்க முறைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அதுலதான் நான் உனக்குச் சொல்லப்போற புத்தி இருக்கு.

இங்கிலாந்து திருச்சபையில அச்சடிச்ச ஜெபப் புஸ்தகம். அதுல ராஜா பேரும் அச்சுல இருக்கும். ராஜா மாறினா பேனா எடுத்து அடிச்சுத் திருத்தணும். சாதாரணமா தலைமுறைக்கு ஒரு தடவை வர்ற வேலை. ஆனா 1936-ல என்னாச்சு? ஜனவரியில அஞ்சாம் ஜார்ஜ் போயிட்டாரு. அவரு பேரை அடிச்சுட்டு எட்டாம் எட்வர்ட் பேரை எழுதினாங்க. டிசம்பர்ல அந்தப் புண்ணியவான் ஒரு பொம்பளைக்காக முடியைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டாரு. மறுபடியும் அடிச்சுட்டு ஆறாம் ஜார்ஜ். ஒரே வருஷத்துல ரெண்டு திருத்தம். பாவம், அந்தப் பக்கம் கிழியாம இருந்தாலே அற்புதம்தான்.

ஸ்காட்லாந்து வழியில வந்த நம்ம ஆயர்மாருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அச்சடிச்ச ஜெபம் கிடையாது, கண்ணை மூடிக்கிட்டு மனசுல வர்றதைச் சொல்லலாம். அதிகாரத்துல இருக்கிறவங்களுக்காக வேண்டிக்கணும்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்காரு. யாரு அதிகாரத்துல இருக்காங்கன்னு பேரைப் போட்டா எழுதினாரு? இதைப் பிடிச்சுக்கிட்டாங்க நம்மவங்க. துரை முன் பெஞ்சுல உக்காந்திருந்தா அது ராஜாவுக்கான ஜெபம். பின் பெஞ்சுல கதர்ச் சட்டைக்காரன் ஒருத்தன் உக்காந்திருந்தா அவன் அதை வேற யாருக்கோன்னு எடுத்துக்குவான். ரெண்டு பேரும் ஆமென் சொல்லுவாங்க. ஆயரும் காபி குடிக்கப் போயிடுவாரு. பாவு எப்பவும் ஒண்ணுதான் தம்பி, மேல ஓடுற ஊடைதான் வேற வேற நிறம்.

இது கோழைத்தனம்னு உனக்குப் படும். படட்டும். அந்த ஆளு நிலைமையையும் பாரு. சம்பளம் மிஷன்ல இருந்து வருது. பள்ளிக்கூடத்துக்கு கிராண்ட் சர்க்கார்ல இருந்து வருது. மொதல் உலக யுத்தத்துக்கு அப்புறம் வெளிநாட்டு மிஷன்கள் எல்லாம் சர்க்காருக்கு எதிரா எதுவும் செய்ய மாட்டோம்னு உறுதி கொடுத்துட்டுத்தான் இங்க ஊழியமே பண்ண முடிஞ்சுது. மதுரைப் பக்கம் கெய்தான்னு ஒரு அமெரிக்க மிஷனரி, காந்தியோட வெள்ளைக்கார சிநேகிதர் ஒருத்தரை வூட்ல தங்க வச்சதுக்கு 1930-ல ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாப் போச்சு. வெள்ளைத் தோலுக்கே அந்த கதின்னா, நாலு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு மாசச் சம்பளத்தை நம்பியிருக்கிற உள்ளூர் ஆயர் கண்ணை மூடிக்கிட்டுப் பொதுவா ஜெபம் பண்ணினது எனக்குப் புரியுது.

வீரர் வேணும்னா இருக்காங்க. இல்லைன்னு சொல்லலை. தஞ்சாவூர்ல பொறந்த ஜே.சி. குமரப்பா, நல்ல கிறிஸ்தவக் குடும்பம், லண்டன்ல கணக்குப் படிச்சவரு, கோட்டைக் கழட்டிட்டு கதருக்கு மாறி காந்தியோட பொருளாதாரத்துக்கே எழுத்துக் கொடுத்தாரு. சட்டமறுப்பு தப்புன்னு சொன்ன பெரிய பிஷப்புமாரோட எழுத்துல மல்லுக்கட்டினாரு. அப்புறம் திருப்பத்தூர்ல 1921-ல கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பிச்ச ரெண்டு டாக்டருங்க. ஒருத்தர் ஏசுதாசன், ஊரே அவரைப் பெரியண்ணன்னு கூப்பிடும். இன்னொருத்தர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், சின்னண்ணன். இந்தச் சின்னண்ணன் அசல் ஸ்காட்லாந்துக்காரரு. ஆனா உடுத்தினது கதரு. 1932 ஜனவரியில சென்னையில அந்நியத் துணிக் கடை மறியலைப் பாத்துக்கிட்டு நின்னவரைப் போலீஸ் லத்தியால அடிச்சு, கலர் தண்ணியப் பீச்சி அடிச்சிருக்கு. வெள்ளைக்காரப் போலீஸ் ராஜ்யம் ஒரு வெள்ளைக்காரரைக் கதருக்காக நனைச்சுது. இது கதை இல்லை, பெரிய ரகளையே ஆன விஷயம்.

இப்ப இவங்க படத்தையெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர்ல வரிசையாப் போட்டு, ‘நம்மவர்கள்’னு எழுதிடலாம்னு உன் கை துறுதுறுங்குமே. போடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். இவங்க கதர் கட்டிக்கிட்டு சபைக்குள்ள வந்த காலத்துல, பெஞ்சுல பக்கத்துல நகந்து இடம் கொடுத்தவங்க எத்தனை பேர்? எங்கப்பா சொல்லுவாரு, கதர்க்காரன் வந்து உக்காந்தா அந்த வரிசையில ஜனங்க காணிக்கைத் தட்டைக் கூட வேகமாத் தள்ளிவிடுவாங்களாம். சி.ஐ.டி. பாத்துட்டா என்ன பண்றதுங்கிற பயம். உயிரோட இருந்தப்ப ஒதுங்கி உக்காந்துட்டு, செத்தப்புறம் பேனர்ல ஒட்டி நிக்கிறது நம்ம சபைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லைதான். இருந்தாலும் வியாதி வியாதிதான்.

எங்க தாத்தா கதரும் இல்லை, கோட்டும் இல்லை. குழித்தறியில கால் தொங்கப் போட்டு உக்காந்த மனுஷன். பட்டு நெய்யறவன்கிட்ட கதர் கட்டச் சொன்னா அவன் எங்க போவான்? அவனுக்கு ராஜா விசேஷமும் ஒண்ணுதான், சுயராஜ்ய விசேஷமும் ஒண்ணுதான். உத்தியோகஸ்தனுக்குச் சம்பளத்தோட லீவு. தறிக்காரனுக்கு லீவுன்னா அன்னிக்கு நெய்யாத முழத்துக்குக் கூலி கிடையாது. கோர்வை போடறதுக்குப் பக்கத்துல உக்கார்ற பையனை மிட்டாய் வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டா தறியே நிக்கும். சபையில தேசத் திருநாள் அறிவிப்பு வந்தா தாத்தா கேக்கிற மொதல் கேள்வி, எத்தனை மணிக்கு முடியும்னுதான். இந்தக் கேள்வியை இன்னிக்கும் பின் வரிசையில யாராவது கேட்டா, தேசபக்தி இல்லாதவன்னு நினைச்சுடாதே. அவன் கூலிக்காரனா இருக்கலாம்.

சரி, 1947-க்கு வரேன். அந்த ஆகஸ்ட் 15 என்ன கிழமை தெரியுமா? வெள்ளிக்கிழமை. ஆடி மாசத்துக் கடைசி வெள்ளி. காஞ்சிபுரத்துல ஆடி வெள்ளின்னா உனக்கு நான் சொல்லணுமா, காமாட்சியம்மன் கோயில் பக்கம் போக வர வழி இருக்காது. பள்ளிவாசல்ல பாத்தா அது ரம்ஜான் மாசத்துக் கடைசி ஜும்மா. ஆர்.சி. கோயில்ல பாத்தா ஆகஸ்ட் 15 வருஷா வருஷம் மாதா விண்ணேற்புத் திருநாள். ஆக ஒரே வெள்ளிக்கிழமையில அம்மனுக்கு விசேஷம், துலுக்கருக்கு விசேஷம், மாதாவுக்கு விசேஷம். நம்ம புராட்டஸ்டண்ட் காலண்டரைப் புரட்டிப் பாத்தா? வெறும் வெள்ளி. ஊரெல்லாம் குளிச்சு முழுகிப் புதுத்துணி கட்டி நிக்குது, நம்மாளுங்க மட்டும் என்ன காரணம் சொல்லிக் கோயிலைத் தொறக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அதனால ஒரு உண்மையைச் சொல்றேன், இந்தச் சுதந்திர தினத்துக்கு அதிகமா நன்றி சொல்ல வேண்டியவங்க நாமதான். ஆகஸ்ட்ல நமக்கு ஒரு பண்டிகை கிடைச்சுது.

ஆர்.சி. காரங்களுக்கு அன்னியில இருந்து சௌகரியம் பாரு. தமிழ்நாட்டுல பல ஊர்ல முந்தின ராத்திரி மாதா தேர், விடிஞ்சா பூசை, பூசை முடிஞ்சதும் அதே கூட்டத்தை அப்படியே வாசலுக்குக் கூட்டிட்டு வந்து கொடியேத்தம். ஒரே பந்தல், ஒரே மைக் செட்டு, ரெண்டு விழா. செலவுக் கணக்குல அவங்ககிட்ட நாம பாடம் படிக்கணும்.

ஊருக்குள்ள எல்லாரும் ஒரே மனசா ஆனந்தப் பள்ளு பாடினாங்கன்னும் எழுதிடாதே. இது அண்ணா பொறந்த ஊரு. ‘திராவிட நாடு’ பத்திரிகை 1942-ல இருந்து இங்கிருந்துதான் வந்துக்கிட்டிருந்துச்சு. பெரியார் என்ன சொன்னாரு? ஆகஸ்ட் 15 துக்க நாள், வெள்ளைக்காரன் போய்ப் பார்ப்பான் பனியா கையில ராஜ்யம் போகுதுன்னாரு. அவரு பேச்சைத் தட்டாத அண்ணா அன்னிக்குத் தட்டினாரு. அந்நிய ஆட்சி ஒழியற நாள், இதுல துக்கம் என்னன்னு தன் பத்திரிகையில எழுதினாரு. ஒரே கட்சி, ஒரே கறுப்புச் சட்டை, ஒரு தலைவருக்குத் துக்கம், இன்னொரு தலைவருக்கு இன்பம். டீக்கடையில எப்படி அனல் பறந்திருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. இந்தச் சூழ்நிலையில நம்ம ஆயர்மாரோட பேர் சொல்லாத ஜெபம் எவ்வளவு உபகாரமா இருந்திருக்கும்!

சென்னைக் கோட்டையில அன்னிக்கு விடியக்காலம் 5 மணி 5 நிமிஷத்துக்கு ஏத்தின கொடி இன்னும் கோட்டை மியூசியத்துல இருக்கு. 12 அடி நீளம், 8 அடி அகலம். சுத்தப் பட்டு. போய்ப் பாத்துட்டு வா. நம்மூர் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனா கொடிக்கு வணக்கம் வைக்கிறதுக்கு முன்னாடி ஓரத்தைப் பாப்பானுங்க, முறுக்கு எப்படி, எத்தனை இழைன்னு. திட்டாதே. அதுவும் ஒரு மரியாதைதான்.

இப்ப நீ கண்டிப்பா மேடையில சொல்ல வேண்டிய விஷயம். நாடு சுதந்திரம் வாங்கின 43-ம் நாள், 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்தியத் திருச்சபை உண்டாச்சு. நீ வாய் நிறையச் சொல்றியே சி.எஸ்.ஐ., அதுதான். அது வரைக்கும் நம்ம மாதிரி ஸ்காட்லாந்து, அமெரிக்கா வழிச் சபைங்க சேந்து 1908-ல உண்டான தென்னிந்திய ஐக்கிய சபை, இங்கிலாந்து திருச்சபை வழி, மெதடிஸ்ட் வழின்னு தனித்தனி அடுப்பு. ஒரே உலையில வைக்கலாமான்னு பேச்சு ஆரம்பிச்சது 1919-ல, தரங்கம்பாடியில. முடிஞ்சது 28 வருஷம் கழிச்சு. பிஷப் இருக்கணுமா, யாரு யாரு தலையில கை வைக்கணும், பழைய ஆயர்மாருக்கு மறுபடியும் கை வைக்கணுமான்னு 28 வருஷம் கமிட்டி. அதுக்காக முன்னால நின்னு பாடுபட்ட அசரியா பிஷப் 1945 ஜனவரி 1-ந் தேதியே கண்ணை மூடிட்டாரு, பாக்கக் கொடுத்து வைக்கலை. காந்தி தலைமைக்கு வந்ததுல இருந்து அந்நிய ராஜ்யத்தை அனுப்பறதுக்குக் காங்கிரஸ்காரங்களுக்கு ஆன நேரமும் நம்ம கமிட்டிக்கு ஆன நேரமும் ஏறக்குறைய ஒண்ணு. ஆனா ஒரு பெருமை, ஆகஸ்ட்ல நாடு ரெண்டாச்சு, செப்டம்பர்ல சபைங்க ஒண்ணாச்சு. இதை அழுத்திச் சொல்லு, கை தட்டட்டும்.

கை தட்டி முடிச்சதும் இதையும் சொல்லு. அன்னிக்கு புதுசா பிஷப்பா ஆனவங்கள்ல ஒருத்தர் நம்ம காஞ்சிபுரத்துல மிஷனரியா இருந்த லெஸ்லி நியூபிகின். 37 வயசு. மதுரை-ராமநாதபுரம் பேராயத்துக்குப் போனாரு. வெள்ளைக்காரன் போயிட்டான்னு கொடி ஏத்தின ஆறே வாரத்துல நம்மூர் வெள்ளைக்காரரைக் கூப்பிட்டுப் பட்டம் கட்டினோம்! தப்புன்னு சொல்லலை. அவரு தங்கமான மனுஷன். இங்க இருந்தப்ப ராமகிருஷ்ண மடத்துச் சாமியாருங்களோட தரையில சம்மணம் போட்டு உக்காந்து, ஒரு வாரம் சுவேதாஸ்வதர உபநிஷத்து, மறு வாரம் யோவான் சுவிசேஷம்னு படிச்சவரு. தமிழ் நல்லா வரும். அவரை உள்ள விட்டதுல அன்னிக்கு இருந்தவங்களுக்குக் கொஞ்சம் கூட நெருடல் இல்லை. உனக்கு நெருடினா அது உன் காலத்துக் கோளாறு.

வரலாறு போதும். நடக்கிற காரியத்துக்கு வரேன், நீ இன்னும் பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்கலை போல இருக்கு.

நம்ம வளாகத்துல இருக்கிற கம்பத்து உச்சியில தகரச் சிலுவை ஒண்ணு இருக்கே, அந்தக் கம்பத்துலதான் வருஷா வருஷம் தேசியக் கொடியை ஏத்தறீங்க. கொடி விதியைப் படிச்சிருக்கியா? கொடி பறக்கிற கம்பத்துக்கு மேல பூவோ, மாலையோ, எந்தச் சின்னமோ இருக்கக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கான். கொடிக்குள்ள பூவிதழ் வச்சு அவுக்கலாம், அதுக்குத் தடை இல்லை. கம்பத்து மேல ஒண்ணும் ஆகாது. உடனே சிலுவையைக் கழட்ட ஏணி தேடாதே, அப்புறம் பெண்கள் ஐக்கியம் உன்னைக் கழட்டி விட்டுடும். தனியா இன்னொரு கம்பம் நடு. சிலுவை சிலுவை இடத்துல இருக்கட்டும், கொடி கொடி இடத்துல பறக்கட்டும். ரெண்டையும் ஒரே கம்பத்துல ஏத்தறதுலதான் உலகத்துல பாதி ரகளை.

கொடியைப் பிளாஸ்டிக்ல வாங்காதே, அதுவும் கூடாது. பாலியஸ்டர், மெஷின்ல செஞ்சது ஆகலாம்னு 2021 கடைசியில விதியைத் திருத்திட்டாங்க. ஆகலாம்னு சொன்னதுக்காகக் காஞ்சிபுரத்துல உக்காந்துக்கிட்டு பாலியஸ்டர் கொடி ஏத்தினா எங்க தாத்தா கல்லறையில புரண்டு படுப்பாரு. பருத்தி, கம்பளி, பட்டு, கதர் எல்லாத்துக்கும் அனுமதி இருக்கு. சபையில இன்னும் தறி வச்சிருக்கிறவங்க இருக்காங்க. ஒரு தடவை நெய்யக் கொடுத்துப் பாரு. கூலியை முழுசாக் கொடு, ‘கர்த்தருக்காக’ன்னு சொல்லிப் பாதி ஆக்கிடாதே.

எம்.எல்.ஏ.வைக் கூப்பிடலாமான்னு கமிட்டியில பேச்சு ஓடுதாமே. கூப்பிடு. வந்தா நாற்காலி போடு, சால்வை போத்து, தளக்கல்லோ தெருவிளக்கோ என்ன வேணுமோ கேட்டு மனு கொடு. ஆனா ஜெபத்துல மட்டும் அவரு பேரைச் சொல்லாதே. ராஜா பேரைச் சொல்லி, அடிச்சு, மறுபடியும் எழுதி, மறுபடியும் அடிச்ச புஸ்தகம் உனக்குப் பாடம். பொதுவா வேண்டிக்கோ. ஆளுங்கட்சிக்காரன் தனக்குன்னு நினைச்சுக்குவான், எதிர்க்கட்சிக்காரன் அடுத்த எலெக்ஷன்ல தனக்குன்னு நினைச்சுக்குவான். ரெண்டு பேருக்கும் தேவை இருக்கு.

பிரசங்கத்தைப் பத்தி ஆயரய்யாகிட்ட நான் சொன்னா நல்லா இருக்காது, நீ சொல்லு. அன்னிக்கு மத்தியானம் அறநிலையத் துறை கோயில்கள்ல சிறப்பு வழிபாடும் பொது விருந்தும் வருஷா வருஷம் நடக்கும். ஜாதி மதம் பாக்காத பந்தி. நம்ம பசங்க பாதிப் பேர் அங்க சாப்பிடப் போறாங்கன்னு எனக்குத் தெரியும், ஆயருக்கும் தெரியும். பிரசங்கம் நீண்டா மொதல் பந்தி போயிடும். தேசபக்திக்கும் பசிக்கும் போட்டி வச்சா நான் எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாததா?

கடைசியா ஒண்ணு. ஏத்தறதுக்கு ஆறு பேர் சண்டை போடுவாங்க, இறக்கறதுக்கு ஒருத்தனும் வரமாட்டான். போன வருஷம் ஏத்தின கொடி எத்தனை நாள் கம்பத்துல கிடந்துச்சுன்னு உன் மனசாட்சிக்குத் தெரியும். ராத்திரியிலயும் பறக்கலாம்னு 2022 ஜூலையில விதியைத் தளத்தினது உங்க சோம்பேறித்தனத்துக்காக இல்லை. கிழிஞ்ச கொடி, கசங்கின கொடி பறக்கக் கூடாதுன்னும் அதே விதியில இருக்கு. ஏத்தறதுக்கு யாரைக் கூப்பிடறீங்களோ கூப்பிடுங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து இறக்கி, ஒழுங்கா மடிச்சு, பீரோவுல வச்சுப் பூட்டறதுக்கு ஒரு ஆள் பேரை இப்பவே நோட்டுல எழுதிட்டு வந்து எங்கிட்டக் காட்டு. அப்புறம்தான் நான் மைக்கைத் தொடுவேன்.